சி ப்ரோக்ராமுக்கு கமாண்ட் லைன்ல ஆர்க்யுமென்ட் கொடுக்கிறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சி படிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஸ்கேன்எஃப் போட்டு "ஒரு நம்பர் கொடுங்க"ன்னு கேட்டே பழகிட்டு, திடீர்னு ஒருநாள் ரன் பண்ற வரியிலேயே இன்புட்டையும் சேர்த்துக் கொடுக்கணும்னு வரும்போது பலருக்கும் கை ஓடாது. அண்ணா பல்கலைக்கழக சி சிலபஸ்லயும் இது கடைசி யூனிட்ல ஃபைல் ப்ராசஸிங்கோட வால்ல ஒட்டிக்கிட்டு வர்ற விஷயம்தான், அதனால பரீட்சை நெருங்குறப்போதான் பலபேர் இதைத் தொடுறாங்க. நானும் கேட்க ஆள் இல்லாம முட்டி மோதித்தான் கத்துக்கிட்டேன். அப்போ புரிஞ்சது என்னன்னா, இங்க வர்ற குழப்பத்துல பெரும்பாலானது சி-ல இல்லவே இல்ல, நீங்க டைப் பண்ற வரி உங்க ப்ரோக்ராமுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஷெல் (நீங்க அடிக்கிற கட்டளையை வாங்கி ப்ரோக்ராமை ஓட்டிவிடுற மென்பொருள்) அதைப் பிச்சு, மாத்தி, சிலதைத் தானே எடுத்து வச்சுக்குது. அந்த ஒரு இடம் புரிஞ்சிட்டா மிச்சமெல்லாம் ஒரு சாயங்காலத்துல முடியிற வேலை.

கீழ கட்டளை, ஃபங்ஷன் பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே கொடுத்திருக்கேன், டைப் பண்றப்போ வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க.

1. என்னென்ன வேணும், செலவு எவ்வளவு

செலவு பூஜ்யம். கம்பைலருக்கோ எடிட்டருக்கோ யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க, ஜிசிசி, க்ளாங் ரெண்டுமே இலவசம்.

உபுண்டுல இருந்தீங்கன்னா பில்ட்-எசென்ஷியல்ங்கிற பேக்கேஜ் ஒண்ணு போட்டா போதும். அதோட மேன்பேஜஸ்-டெவ்-ங்கிறதையும் மறக்காம போட்டுக்கோங்க, அது இல்லன்னா பின்னாடி நான் சொல்ற ஃபங்ஷன்களோட மேனுவல் பக்கம் உங்க மெஷின்ல திறக்காது, அந்தப் பக்கங்கள்தான் இந்த வேலைக்கு உண்மையான ஆவணம். விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டுக்கிறது நல்லது, இன்ஸ்டால் பண்ணி ஒரு ரீஸ்டார்ட் கேட்கும், டவுன்லோடும் கொஞ்சம் பெருசு, மொபைல் டேட்டால போடாதீங்க. மேக்ல எக்ஸ்கோட்-செலக்ட் கட்டளைக்கு --இன்ஸ்டால் கொடுத்தா வந்துடும். லேப்டாப்பே இல்லன்னாலும் பரவாயில்ல, ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப் போட்டு அதுக்குள்ள க்ளாங் போட்டுக்கலாம், இந்தக் கட்டுரைல உள்ளதுல பெரும்பாலானது அதுலயும் ஓடும்.

நேரக் கணக்கு: இன்ஸ்டால் உங்க நெட்டைப் பொறுத்தது. 2-லேர்ந்து 5 வரைக்கும் உள்ள படிகளுக்கு ஒரு மணி நேரம் வைங்க, 6-க்கும் 8-க்கும் நிதானமா இன்னொரு மணி நேரம்.

2. மெயின் வரியை மாத்துங்க

இதுவரைக்கும் மெயினுக்குள்ள ஒண்ணும் போடாம எழுதிருப்பீங்க. இனிமே இப்படி:

இன்ட் மெயின்(இன்ட் ஆர்க்சி, சார் *ஆர்க்வி[])

ஆர்க்சி-ங்கிறது எத்தனை வந்துச்சுங்கிற எண்ணிக்கை. ஆர்க்வி-ங்கிறது வந்ததை ஒவ்வொண்ணா வச்சிருக்கிற ஸ்ட்ரிங் வரிசை. இதுல எல்லாரும் சறுக்குற இடம், எண்ணிக்கைல உங்க ப்ரோக்ராமோட பேரும் சேர்த்தி. ./கணக்கு 5 3 அப்படின்னு ஓட்டுனா ஆர்க்சி 2 இல்ல, 3. ஆர்க்வி[0]-ல ./கணக்கு, [1]-ல 5, [2]-ல 3 இருக்கும், அதுக்கு அடுத்து ஆர்க்வி[3]-ல நல் பாயின்டர் இருக்கும், இது சி ஸ்டாண்டர்டே கொடுக்கிற உத்தரவாதம். அந்த 5, 3 ரெண்டும் நம்பர் கிடையாது, எழுத்து. அதை நம்பராக்குறது உங்க பொறுப்பு, 6-வது படில வருது.

3. வந்தது என்னன்னு முதல்ல பிரின்ட் பண்ணிப் பாருங்க

வேற எந்த லாஜிக்கும் எழுதறதுக்கு முன்னாடி ஒரு ஃபார் லூப் போட்டு ஐ பூஜ்யத்துலேர்ந்து ஆர்க்சி-க்கு ஒண்ணு குறைய வரைக்கும் ஆர்க்வி[ஐ]-யை வரிக்கு ஒண்ணா பிரின்ட் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் [ ] அடைப்புக்குறி போட்டு பிரின்ட் பண்ணுங்க, அப்பதான் முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் ஏதாவது ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியும். இந்தச் சின்ன ப்ரோக்ராமைத் தனி ஃபைலா சேவ் பண்ணி வச்சுக்கோங்க, எந்தக் கட்டளைல சந்தேகம் வந்தாலும் அதே ஆர்க்யுமென்ட்டை இதுக்குக் கொடுத்துப் பார்த்தா என்ன போய்ச் சேருதுன்னு ஒரு நொடில தெரிஞ்சிடும்.

கம்பைல் பண்றப்போ ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா ரெண்டு வார்னிங்கையும் ஆன் பண்ணி, -ஓ போட்டு வெளிவர்ற ஃபைலுக்கு ஒரு பேரு கொடுத்துடுங்க (வார்னிங் ரெண்டுலயும் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து). ரெண்டு கண்ணி இங்க இருக்கு. ஒண்ணு, லினக்ஸ்ல இப்ப இருக்கிற ஃபோல்டரை ஷெல் தானாத் தேடாது, அதனால முன்னாடி ./ கட்டாயம். இன்னொண்ணு, ப்ரோக்ராமுக்கு டெஸ்ட்-னு பேரு வைக்காதீங்க. ஷெல்லுக்குள்ளயே டெஸ்ட்-னு ஒரு கட்டளை இருக்கு, நீங்க ./ போட மறந்து வெறுமனே டெஸ்ட்-னு அடிச்சா அதுதான் ஓடும், அது எதையும் பிரின்ட் பண்ணாது, எரரும் வராது, உங்க கோடுல என்ன தப்புன்னு மணிக்கணக்கா தேடிக்கிட்டு இருப்பீங்க.

4. ஷெல் நடுவுல என்ன பண்ணுதுன்னு பாருங்க

இந்தப் படியைத் தாண்டிப் போயிடாதீங்க, மிச்ச எல்லாத்தையும் விட இது முக்கியம்.

நீங்க என்டர் தட்டுனதும் அந்த வரி நேரா உங்க ப்ரோக்ராமுக்குப் போறதில்ல. ஷெல் அதை ஸ்பேஸ் இருக்கிற இடத்துலல்லாம் வெட்டும், சில குறிகளைத் தனக்குன்னு எடுத்துக்கும், சிலதை விரிக்கும், எல்லாம் முடிச்சு மிஞ்சினதைத்தான் ஆர்க்வி-யா கொடுக்கும்.

லேப்ல கொடுக்கிற கால்குலேட்டர் கணக்கையே எடுத்துக்கோங்க. ./கணக்கு 5 + 3 சரியா 8-னு சொல்லும். கழித்தலும் சரியா வரும். பெருக்கலுக்கு ./கணக்கு 5 * 3 போட்டா மட்டும் எல்லாம் தாறுமாறா ஆகும். ஏன்னா * குறியைப் பார்த்ததும் ஷெல் "இந்த ஃபோல்டர்ல உள்ள எல்லா ஃபைல் பேரும்"னு எடுத்துக்கும். ஃபோல்டர்ல கணக்கு, கணக்கு.சி-ன்னு ரெண்டு ஃபைல்தான் இருக்குன்னு வைங்க, உங்க ப்ரோக்ராமுக்குப் போய்ச் சேர்றது 5, கணக்கு, கணக்கு.சி, 3. ஆர்க்சி 4 வரணும், 5 வந்து நிக்கும். ஸ்விட்ச் கேஸை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தப்பு அங்க கிடைக்காது, ஏன்னா அங்க தப்பே இல்ல. '*' அப்படின்னு சிங்கிள் கோட்ஸுக்குள்ள போடுங்க, இல்ல முன்னாடி ஒரு \ போடுங்க, சரியாயிடும். ப்ரோக்ராம் உங்களோடதுன்னா பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தை வச்சுக்கிறது இன்னும் சுலபம்.

ஸ்பேஸ் உள்ள பேரு, உதாரணத்துக்கு சென்னை சென்ட்ரல், கோட்ஸ் போடாம கொடுத்தா ரெண்டு ஆர்க்யுமென்ட்டா வரும். "சென்னை சென்ட்ரல்"னு கொடுத்தா ஒண்ணு. கோட்ஸ் குறி உங்க ப்ரோக்ராமுக்கு வராது, ஷெல் அதைக் கழட்டிட்டுத்தான் அனுப்பும்.

டாலர் குறி இன்னும் மோசம், ஏன்னா எரர் இல்லாமலே தப்பான மதிப்பு வந்துடும். பாஷ்ல (உபுண்டுல வழக்கமா வர்ற ஷெல்) டபுள் கோட்ஸுக்குள்ள "விலை $50"னு கொடுத்தீங்கன்னா ப்ரோக்ராமுக்குக் கிடைக்கிறது விலை 0. $5-ங்கிறதை ஷெல் ஒரு வேரியபிளா எடுத்து, அதுல ஒண்ணும் இல்லாததால அழிச்சிட்டு மிச்சம் இருந்த 0-வை மட்டும் அனுப்பிடுது. சிங்கிள் கோட்ஸ் போட்டா $50 அப்படியே வரும். அதனால பாஷ்ல என் பழக்கம் எப்பவுமே சிங்கிள் கோட்ஸ், வேரியபிள் விரியணும்னு வேணும்னே நினைக்கிற இடத்துல மட்டும் டபுள்.

>, <, |, &, ; இதெல்லாம் கோட்ஸ் இல்லாம வந்தா ஆர்க்வி-ல தேடாதீங்க, ஷெல் தனக்கு எடுத்துக்கும். ஒப்பிடுற ப்ரோக்ராம் எழுதி 5 > 3 கொடுத்தா பதில் திரையில வராது, ஃபோல்டர்ல 3-ங்கிற பேர்ல ஒரு ஃபைல் உருவாகி அதுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கும். ஏற்கனவே அந்தப் பேர்ல ஃபைல் இருந்திருந்தா அதுல இருந்தது போச்சு.

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல விதி வேற. அங்க சிங்கிள் கோட்ஸுக்கு மதிப்பே கிடையாது, 'சென்னை சென்ட்ரல்' போட்டா கோட்ஸும் ஒட்டிக்கிட்டு ரெண்டு துண்டா வரும், டபுள் கோட்ஸ்தான் போடணும். ஃபோல்டர் பாதையை டபுள் கோட்ஸுக்குள்ள கொடுக்கிறப்போ கடைசில \ குறி வந்து அதோட கோட்ஸை மூடினா அந்த ரெண்டும் சேர்ந்து "கோட்ஸும் எழுத்துதான்"னு ஆயிடும், பின்னாடி வர்ற ஆர்க்யுமென்ட்டெல்லாம் இதோட ஒட்டிக்கும். கடைசி \ குறியை எடுத்துடுங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லித்தர்றதில்ல: பிடிஎஃப்லேர்ந்தோ வேர்ட்லேர்ந்தோ ஃப்ரெண்டு அனுப்பின மெசேஜ்லேர்ந்தோ கட்டளையை காப்பி பண்ணி ஒட்டுனா கோட்ஸ் வளைஞ்ச கோட்ஸா மாறியிருக்கும், மைனஸ் குறி நீளமான கோடா மாறியிருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஷெல்லுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து. சந்தேகமா இருந்தா அந்தக் குறிகளை மட்டும் அழிச்சிட்டு கீபோர்டுல நேரா அடிங்க.

5. எண்ணிக்கையைச் சரிபார்க்காம ஆர்க்வி-யைத் தொடாதீங்க

மெயினோட முதல் வேலை ஆர்க்சி எதிர்பார்த்த அளவு இருக்கான்னு பார்க்கிறதுதான். இல்லன்னா எப்படி ஓட்டணும்னு ஒரு வரி எஸ்டிடிஎர்ர்-ல பிரின்ட் பண்ணி (எஃப்பிரின்ட்எஃப் வச்சு), ரிட்டர்ன் 1 கொடுத்து வெளில வந்துடுங்க. எஸ்டிடிஎர்ர் ஏன்னா யாராவது உங்க அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டாலும் எரர் மட்டும் திரையில தெரியும். ப்ரோக்ராம் என்ன ரிட்டர்ன் பண்ணுச்சுன்னு பார்க்க அடுத்த வரில எக்கோ $? போடுங்க.

இந்தச் சோதனை இல்லாம வெறுமனே ./கணக்கு ஓட்டுனா ஆர்க்வி[1] நல், அதை நம்பரா மாத்தப் போனா செக்மென்டேஷன் ஃபால்ட். பிரின்ட்எஃப்-ல போட்டா லினக்ஸ்ல சில நேரம் அடைப்புக்குறிக்குள்ள நல்-னு பிரின்ட் ஆகி சமாளிச்ச மாதிரி தெரியும், அதை நம்பாதீங்க, வெறும் %எஸ்-ஸும் புது வரியும் மட்டும் இருந்தா கம்பைலர் அதை புட்ஸ்-ஆ மாத்திடும், அப்போ விழுந்துடும்.

ஆர்க்சி குறைஞ்சது 1 இருக்கும்னு நம்பி எழுதறதுகூட ஆபத்துதான். 2022 ஜனவரில வெளிவந்த பிகேஎக்ஸெக் (லினக்ஸ்ல வேற யூசரா கட்டளை ஓட்ட உதவுற ப்ரோக்ராம்) பாதுகாப்பு ஓட்டை இதே இடத்துலதான், ஆர்க்சி பூஜ்யமா வச்சுக் கூப்பிட்டா அந்த ப்ரோக்ராம் ஆர்க்வி[1]-னு நினைச்சு படிச்சது பக்கத்துல இருந்த என்விரான்மென்ட் வேரியபிளை, அதை வச்சு சாதாரண யூசர் ரூட் (மெஷின்ல எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) ஆக முடிஞ்சுது. லினக்ஸ் கெர்னல் 5.18-லேர்ந்து பூஜ்யமா விடுறதில்ல.

6. எழுத்தை நம்பராக்குங்க, ஆனா ஏடிஓஐ வேண்டாம்

நோட்ஸ்ல எல்லாம் ஏடிஓஐ-தான் இருக்கும். பரீட்சைல எழுதுங்க, நிஜ ப்ரோக்ராம்ல வேண்டாம். அதுக்கு அப்பளம்னு கொடுத்தாலும் 0, 0 கொடுத்தாலும் 0, 12 கிலோன்னு ஒட்டிக் கொடுத்தா 12. தப்பு நடந்ததைச் சொல்ல அதுக்கு வழியே கிடையாது.

ஸ்ட்ர்டோல் பயன்படுத்துங்க, எழுத்தாச் சொன்னா எஸ் டி ஆர் டி ஓ எல். மூணு விஷயம் கொடுக்கணும்: ஸ்ட்ரிங், எங்க நின்னுச்சுன்னு காட்டுற ஒரு பாயின்டரோட முகவரி, அடிமானம் 10. கூப்பிடுறதுக்கு முன்னாடி எர்ர்நோ-வை (என்ன எரர்னு எண்ணா வச்சிருக்கிற வேரியபிள்) 0 ஆக்கிடுங்க. கூப்பிட்டதுக்கு அப்புறம் மூணு கேள்வி, இந்த வரிசைலயே கேளுங்க. பாயின்டர் ஆரம்பிச்ச இடத்துலயே நிக்குதா? அப்போ அதுல நம்பரே இல்ல. பாயின்டர் நிக்கிற இடத்துல ஸ்ட்ரிங் முடியலையா? அப்போ நம்பருக்குப் பின்னாடி குப்பை ஒட்டியிருக்கு. எர்ர்நோ-ல ஈரேஞ்ச் இருக்கா? அப்போ நம்பர் கொள்ளளவை மீறிடுச்சு. மூணும் தாண்டுனா மட்டும் அந்த மதிப்பை எடுத்துக்கோங்க. தசம எண்ணுக்கு இதே மாதிரி ஸ்ட்ர்டோடி.

அடிமானத்துக்கு 0 போடாதீங்க. போட்டா 010-ஐ அது எட்டடிமானமா எடுத்து 8-னு சொல்லும்.

நம்ம ஊர் பத்து இலக்க மொபைல் நம்பரை இன்ட்-ல வைக்க முடியாது, 2147483647-தான் அதோட உச்சம், நம்ம நம்பரெல்லாம் 6-லேர்ந்து 9-க்குள்ள ஆரம்பிக்கும். லாங்-ல வச்சா 64 பிட் லினக்ஸ்ல சரியா இருக்கும், விண்டோஸ்ல லாங் 4 பைட்தான், அங்க உடையும். மொபைல் நம்பர், ரோல் நம்பர், பின்கோடு இதையெல்லாம் நாம கூட்டவோ கழிக்கவோ போறதில்லையே, ஸ்ட்ரிங்காவே வச்சுக்கோங்க. டர்போ சி-ல இன்ட் 16 பிட், 32767-க்கு மேல போகாது, அதுல கூட்டிப் பார்க்கிறவங்க கவனிங்க.

7. ஒப்பிடுறது, காப்பி பண்றது

ஆர்க்வி[1] == "ஆட்" அப்படின்னு எழுதுனா எப்பவுமே பொய்தான் வரும், ரெண்டு முகவரியை ஒப்பிடுறீங்க. எஸ்டிஆர்சிஎம்பி போட்டு அது 0 தருதான்னு பாருங்க. ஒரே எழுத்துன்னா ஆர்க்வி[1][0] எடுத்து ஒப்பிடலாம்.

20 எழுத்து அரேக்குள்ள எஸ்டிஆர்சிபிஒய் போட்டு ஆர்க்வி-யைக் கொட்டாதீங்க, யார் எவ்வளவு நீளத்துக்கு அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எஸ்என்பிரின்ட்எஃப் வச்சு அளவோட எழுதுங்க. பல நேரம் காப்பியே தேவையில்ல, ப்ரோக்ராம் ஓடி முடியிற வரைக்கும் ஆர்க்வி இருக்கும், பாயின்டரை எடுத்து வச்சாலே போதும்.

8. மைனஸ் போட்ட ஆப்ஷன்களுக்கு கெட்ஆப்ட்

./கணக்கு -என் 5 -வி ஃபைல் மாதிரி வேணும்னா நீங்களே இஃப் எல்ஸ் போட்டுப் பிரிக்காதீங்க, யுனிஸ்டிடி ஹெடர்ல கெட்ஆப்ட் இருக்கு. அதுக்கு ஆர்க்சி, ஆர்க்வி, அப்புறம் "என்:வி" மாதிரி ஒரு ஸ்ட்ரிங் கொடுக்கணும். எழுத்துக்குப் பின்னாடி : இருந்தா அந்த ஆப்ஷனுக்கு மதிப்பு உண்டு, இல்லன்னா வெறும் சுவிட்ச். வைல் லூப்ல -1 வர்ற வரைக்கும் கூப்பிடுங்க, உள்ள ஸ்விட்ச் போடுங்க, மதிப்பு ஆப்ட்ஆர்க்-ல இருக்கும், கேள்விக்குறி வந்தா தெரியாத ஆப்ஷன், 5-வது படில எழுதின உதவி வரியைக் காட்டி வெளியேறுங்க. லூப் முடிஞ்சதும் ஆப்ட்இன்ட்-லேர்ந்து (ஆப்ஷன் இன்டெக்ஸ்-ங்கிறதோட சுருக்கம், இன்ட் டைப் இல்ல) ஆர்க்சி-க்கு ஒண்ணு குறைய வரைக்கும் உள்ளது மைனஸ் இல்லாத ஆர்க்யுமென்ட்கள்.

கெட்ஆப்ட் தர்றதை இன்ட்-ல வாங்குங்க, சார்-ல வாங்காதீங்க. உங்க லேப்டாப்ல சார்-ல வாங்குனாலும் ஓடும், அதையே ராஸ்பெர்ரி பை-ல போட்டா நிக்காம சுத்தும், ஏன்னா அந்த ப்ராசஸருக்கு ஜிசிசி-ல சார் அன்சைன்டு, -1 அதுல 255 ஆயிடும், லூப் முடியவே முடியாது.

மைனஸ் நம்பரும் தகராறு பண்ணும். -5 கொடுத்தா 5-ங்கிற ஆப்ஷன் தெரியாதுன்னு திட்டும். அதுக்கு முன்னாடி -- போட்டு ./கணக்கு -- -5 3 ன்னு கொடுத்தா அதுக்கு மேல எதையும் ஆப்ஷனா பார்க்காது, இதை உங்க உதவி வரிலயே எழுதி வச்சிடுங்க.

ஆப்ட்ஆர்க் யாருன்னே தெரியலன்னு எரர் வந்தா நீங்க கம்பைல் பண்றப்போ -எஸ்டிடி=சி99 கொடுத்திருப்பீங்க, ஜிஎன்யு99-னு மாத்துங்க. விஷுவல் ஸ்டூடியோ கம்பைலரோட இந்த ஹெடரே வராது, அங்க டபிள்யூஎஸ்எல்தான் வழி. --ஹெல்ப் மாதிரி நீளமான பேரு வேணும்னா கெட்ஆப்ட்_லாங், மேன் 3 கெட்ஆப்ட் பக்கத்தோட கடைசில முழு உதாரணமே இருக்கு.

9. ஐடிஇ-ல ஓட்டுறவங்களுக்கு

விஎஸ் கோடுல லான்ச்.ஜேசன் ஃபைல்ல ஆர்க்ஸ்-னு ஒரு வரிசை இருக்கும், ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் தனித்தனி கோட்ஸ்ல போடுங்க. இது எஃப்5 அழுத்துனா மட்டும்தான் வேலை செய்யும். கோடு ரன்னர் எக்ஸ்டென்ஷனோட முக்கோண பட்டன் இந்த ஃபைலைப் பார்க்கவே பார்க்காது, ஆர்க்யுமென்ட் வரலன்னு குழம்புறவங்கள்ல நிறைய பேரு அந்தப் பட்டனைத்தான் அழுத்திக்கிட்டு இருப்பாங்க. கோடு ப்ளாக்ஸ்ல ப்ராஜெக்ட் மெனுல ப்ரோக்ராம் ஆர்க்யுமென்ட்ஸ் இருக்கு, ஒத்தை ஃபைலைத் திறந்து வச்சிருந்தா வராது, ப்ராஜெக்ட் உருவாக்கணும். விஷுவல் ஸ்டூடியோல ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ், டீபக்கிங், கமாண்ட் ஆர்க்யுமென்ட்ஸ், டீபக்குக்கும் ரிலீஸுக்கும் தனித்தனியா கொடுக்கணும். டர்போ சி++ ல ரன் மெனுல ஆர்க்யுமென்ட்ஸ், அங்க ப்ரோக்ராம் பேரை எழுதாம மதிப்புகளை மட்டும் எழுதுங்க.

ஜிடிபி-ல (தப்பைத் தேட உதவுற டீபக்கர்) பார்க்கணும்னா ஜிடிபி --ஆர்க்ஸ் ./கணக்கு 5 3.

10. தமிழ்ல கொடுத்தா, நிறைய கொடுத்தா, ரகசியம் கொடுத்தா

லினக்ஸ்ல தமிழ் ஆர்க்யுமென்ட் அப்படியே யுடிஎஃப்-8 ஆ வரும், பிரின்ட் பண்ணா சரியாவும் தெரியும். எண்ணிக்கை மட்டும் ஏமாத்தும்: "தமிழ்"ங்கிறதுக்கு ஸ்ட்ர்லென் 15 சொல்லும், ஏன்னா த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு குறி, ஒவ்வொண்ணும் 3 பைட். அதனால ஆர்க்வி[1][0] எடுத்தா த கிடைக்காது, அதோட மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும், எழுத்தைத் திருப்பிப் போடுற லேப் ப்ரோக்ராமை தமிழ்ல ஓட்டிப் பார்த்தீங்கன்னா குப்பை வர்றது இதனாலதான். விண்டோஸ்ல வழக்கமான மெயின்ல தமிழ் கேள்விக்குறியா மாறி வரும், அங்க டபிள்யூமெயின்-னு தனியா ஒண்ணு எழுதணும்.

ஆயிரக்கணக்கான ஃபைலை * போட்டுக் கொடுத்தா "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்"னு வரலாம். கெட்கான்ஃப் ஆர்க்_மேக்ஸ் போட்டுப் பாருங்க, லினக்ஸ்ல சாதாரணமா 2097152 பைட் காட்டும், அதுக்குள்ள என்விரான்மென்ட் வேரியபிளும் அடக்கம். தனி ஒரு ஆர்க்யுமென்ட் 131072 பைட்டைத் தாண்டக்கூடாது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முழு வரியே 8191 எழுத்துதான். அவ்வளவு டேட்டா இருந்தா ஃபைல்ல வச்சுட்டு ஃபைல் பேரை மட்டும் ஆர்க்யுமென்ட்டா கொடுங்க.

பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஆர்க்யுமென்ட்டா வாங்காதீங்க. காலேஜ் சர்வர் மாதிரி பலபேர் லாகின் பண்ற மெஷின்ல பிஎஸ் -இஎஃப் போட்டா ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராமோட முழு வரியும் மத்தவங்களுக்கும் தெரியும், உங்க ஷெல் ஹிஸ்டரிலயும் அது அப்படியே தங்கிடும். ப்ரோக்ராம் ஓட ஆரம்பிச்ச அப்புறம் கேட்டு வாங்குங்க, இல்ல நீங்க மட்டும் படிக்கிற மாதிரி பர்மிஷன் போட்ட ஃபைல்லேர்ந்து எடுங்க.